கலப்பதிவு நூற்பா இரண்டிற்கு ஓர் உரை

பிரெஞ்சு நாட்டுப் போக்குவரத்துச் சட்டத் தொகுதியின் நான்காம் பகுதி உள்நாட்டு நீர்வழிகளையும் அவற்றில் இயங்கும் கலங்களையும் பற்றியது. அதன்கண் கலத்தைப் பதிதலும் அதன் உடைமையை நிலைநாட்டலும் கூறும் நூற்பாக்கள் பல உள. அவற்றுள் 4111-1 எனவும் 4121-2 எனவும் எண்ணிடப்பட்ட இரண்டே ஈண்டு உரைக்குக் கொள்ளப்பட்டன. ஏனையவை இவ்விரண்டின் வழிப்படுவன ஆகலின், வேண்டுமிடத்து வேண்டும் அளவே எடுத்தாளப்படும்.

பாரிசு நகரத்து லா சப்பல் பகுதியில் வாழ் தமிழர்க்கு இவ்வுரை எற்றுக்கு எனின், அவர் வாழுமிடம் நீர்க்கரை ஆகலான் என்க. ரூ லூயி பிளான் தெருவில் கடைகளைக் கடந்து சிறிது நடப்பார்முன் சென் மார்த்தன் கால்வாய் கிடக்கும். அது 1825இல் திறக்கப்பட்டது. ஒன்பது மதகுப் பூட்டுக்களால் 25 மீற்றர் இறங்கிச் சென் ஆற்றைச் சேர்வது. வடக்கே 1808இல் நீர் நிறைக்கப்பட்ட வில்லெத் நீர்த்துறையும், அதற்கப்பால் 1821இல் திறக்கப்பட்ட சென் தெனி கால்வாயும் உள. அந்நீரில் மிதக்கும் கலங்களுள் சரக்கு ஏற்றுவனவும், மாந்தர் குடியிருப்பனவும், உணவு விற்பனவும் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கொள்ளக் கருதுவான் முதலிற் கேட்பது விலை. அவன் முதலிற் கேட்க வேண்டுவது யாது என்பதனை இந்நூற்பாக்கள் கற்பிக்கும்.

இவற்றின் மரபு பழையது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தே, 1917 ஜூலை 5 அன்று, ஆற்றுக் கலங்களைப் பதிதலும் அவற்றை ஈடு வைத்தலும் பற்றிய சட்டம் பிறந்தது. பதிதலையும் ஈட்டையும் ஒரே சட்டத்துள் வைத்தமை கருதத்தக்கது. கலம் யாருடையது என்பது ஏட்டில் தெளிந்தாலன்றி அதன்மேற் கடன் கொடுப்பார் இல்லை ஆதலின், பின்னது முன்னதை வேண்டி நின்றது. அச்சட்டம் 1956இல் ஒரு தொகுதியுட் புகுந்தது. 2010 டிசம்பர் 1 முதல் இப்போதைய போக்குவரத்துத் தொகுதியுள் நிற்கிறது.

இனி முதல் நூற்பா. அதன் கருத்துத் தமிழில் வருமாறு:

சுமைதாங்கு திறன் இருபது தொன்னும் அதற்கு மேலும் உடைய சரக்குக் கலத்தின் உரிமையாளரும், விலக்கும் நீர் பத்துக் கன மீற்றரும் அதற்கு மேலும் உடைய பிற எக்கலத்தின் உரிமையாளரும், அக்கலம் பிரான்சில் இயங்குமாயின் அதனைப் பதிவிக்கக் கடவர்.

*உரிமையாளர்* என்றது, கலத்தைச் செலுத்துவோனை நீக்கி, உடையவனைக் குறித்தது. கலம் ஓட்டுவோன் வேறாகவும் உடையவன் வேறாகவும் இருத்தல் ஆற்றில் இயல்பு. ஓட்டுவோன் இன்று இருப்பான், நாளை வேறு கலம் ஏறுவான்; உடையவன் கடமையோ அவன் கலத்தோடு ஒட்டி நிற்பது. கலத்தை வாடகைக்கு விட்டேன், அதனால் இக்கடமை என்மேல் இல்லை என்பானுக்கு இச்சொல்லே விடை.

*சரக்குக் கலம்* என்பது பண்டம் ஏற்றற்கு அமைந்தது. *சுமைதாங்கு திறன்* என்பது அக்கலம் தன் எடை நீங்கலாக ஏற்றிச் செல்லக்கூடிய பாரம். இருபது தொன் என்னும் எல்லை சிறிதா பெரிதா எனின், மிகச் சிறிது என்க. 1879இல் அமைச்சர் பிரெய்சினே பெயரால் வந்த சட்டம் நாட்டின் மதகுப் பூட்டுக்களை ஓர் அளவினவாக்கிற்று. அப்பூட்டினுள் அடங்குமாறு கட்டிய பெனிஷ் என்னும் கலம் 38.5 மீற்றர் நீளமும் 5.05 மீற்றர் அகலமும் உடையது. 250 தொன்னுக்கு மேற்பட்ட பண்டம் கொள்வது. எனவே தொழில் செய்யும் சரக்குக் கலங்களுள் இவ்வெல்லைக்குத் தப்புவது அரிது. சில்லறை ஓடங்களை விடுவித்தலே எல்லை வைத்ததன் கருத்து.

*பிற எக்கலத்தின்* என்புழி, எகர வினா எஞ்சாமைப் பொருட்டு. பயணிகள் கலமும், வீட்டுக் கலமும், உணவுக் கலமும், உல்லாசக் கலமும் எல்லாம் இதனுள் அடங்கும். பழைய பெனிஷ் ஒன்றை வாங்கிப் பண்ட அறையைப் பலகை பரப்பிக் குடியிருப்பாக்கியவன், "இது முன்பு சரக்குக் கலம், இப்போது ஒன்றும் ஏற்றாதது, ஆகவே எல்லைக்குள் வாராது" என்று சொல்வானாயின், சரக்கு நீங்கியவுடன் அது *பிற கலம்* ஆயிற்று, அளவுகோல் மட்டுமே மாறிற்று என்று விடுக்க. முதற் கூற்றினின்று நழுவியதனை இரண்டாங் கூறு ஏந்திக்கொள்ளும்.

*விலக்கும் நீர்* என்பது சற்று விரித்து உரைக்கத்தக்கது. விளிம்பு மட்டும் நிரம்பிய அண்டாவில் ஒரு செம்பை மிதக்கவிட்டால் அச்செம்பின் எடை எவ்வளவோ அவ்வளவு எடையுள்ள நீர் வழியும். ஆர்க்கிமிடீசு கண்ட இவ்விதியே ஈண்டு அளவுகோலாயிற்று. ஆற்று நீர் நன்னீர் ஆகலின் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய ஒரு தொன். ஆகவே பத்துக் கன மீற்றர் விலக்கும் கலம் பத்துத் தொன் எடையுடையது. சரக்குக் கலத்தை அது சுமப்பதனால் அளந்த நூலாசிரியர், பிறவற்றை அவை இருப்பதனால் அளந்தார். வீட்டுக் கலத்துக்குச் சுமை என்று தனியே ஒன்று இல்லை; கட்டிலும் அடுப்பும் நூலும் அதன் எடையோடு எடையாகும். ஆதலின் சுமையை விட்டு முழு எடையைக் கொண்டது பொருந்தும்.

இவ்வளவுகள் கண்ணாற் கண்டு சொல்லப்படுவன அல்ல. முறையாக அளந்து பெறப்படுவன. உள்நாட்டுக் கலங்களை அளத்தற்கென 1966 பெப்ரவரி 15 அன்று செனீவாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி அளந்து கொடுக்கும் அளவைச் சான்று பதிவுக்கு முன்னே நிற்க வேண்டுவது. அளவு இன்றேல் எல்லை இல்லை. எல்லை இன்றேல் நூற்பா யாரைப் பற்றும் என்பது தெரியாது.

*இருபது தொன்னும், பத்துக் கன மீற்றரும்* என்ற உம்மைகள் எல்லையை அகப்படுத்தி நின்றன. சரியாக இருபதாயினும் பதிய வேண்டும் என்பது பொருள். "இருபதுக்கு மேற்பட்டதையே சட்டம் கேட்கிறது" என்று விற்போர் சிலர் சொல்லக் கேட்டால், இவ்வும்மையைச் சுட்டுக.

*பிரான்சில் இயங்குமாயின்* என்றது நிபந்தனை. இதனாற் பிற நாட்டில் முறையாகப் பதிந்து ஈண்டு வந்து செல்லும் கலம் மீண்டும் பதியப்படுமோ எனின், படாது. 1965 ஜனவரி 25 அன்று செனீவாவிற் கையெழுத்தான மற்றோர் உடன்படிக்கை, உள்நாட்டுக் கலம் ஒன்று ஒரே காலத்தில் இரு நாட்டு ஏடுகளில் நிற்றல் ஆகாது என்று விலக்கிற்று. பெல்சியத்துக் கலம் ஒன்றை வாங்கி வில்லெத்துக்குக் கொணர்வான், அங்குள்ள பதிவை நீக்கிய சான்றோடு ஈண்டுப் பதிவிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வுடன்படிக்கையே மற்றொன்றும் உரைக்கும். அது லா சப்பல் மக்கட்கு மிக வேண்டுவது. ஒரு நாட்டில் கலம் பதிதற்கு, உரிமையாளர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருத்தல் ஒரு வழி. அந்நாட்டில் வழக்கமாக உறைபவராக இருத்தல் மற்றொரு வழி. கலத்தின் தொழிலை அந்நாட்டிலிருந்து நடத்தலும் வழியே. இவற்றுள் ஒன்று போதும். எனவே அகதிச் சான்றும் வதிவிட அட்டையும் கொண்டு இந்நகரில் உறைவார், குடியுரிமை கிட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சொந்தப் பெயரிற் பதிதல் கூடாது என்று அஞ்சி, குடியுரிமை பெற்ற உறவினர் பெயரிற் பதிவாரும் இருப்பர். அவ்வச்சத்தால் விளையும் கேடு இரண்டாம் நூற்பாவின் உரையில் விளங்கும்.

*பதிவிக்க* என்பது பிறவினை. பிரெஞ்சு மூலத்திலும் செய்வித்தற் பொருளே உளது. உரிமையாளன் தானே எழுதிக்கொள்வானல்லன். அரசு அலுவலரை எழுதச் செய்வான். பாரிசுப் பகுதிக்கு அவ்வலுவல், இல்-த-பிரான்சு வட்டாரத்துச் சூழல், நிலமமைவு, போக்குவரத்து ஆகியவற்றுக்குரிய இயக்ககத்தைச் சார்ந்தது. எழுதியவுடன் கலத்துக்கு ஓர் எண் பிறக்கும். பாரிசிற் பதிந்த கலத்தின் பக்கத்தே பிரெஞ்சு எழுத்தாகிய 'பே' முதலிலும், எண் நடுவிலும், நாட்டைக் குறிக்கும் 'எஃப்' இறுதியிலும் நிற்கக் காணலாம்.

20 மீற்றர் நீளம் எட்டியனவும், நீள அகல ஆழம் மூன்றும் பெருக்கி 100 கன மீற்றர் எட்டியனவும் ஆகிய பெருங்கலங்களுக்கு இதன்மேலும் ஓர் ஐரோப்பிய அடையாள எண் உண்டு. அது எட்டிலக்கம் உடையது. முதல் மூன்று இலக்கம் எண்ணைக் கொடுத்த நாட்டைக் குறிக்கும். 001 முதல் 019 வரை பிரான்சுக்கு உரியன. கலம் கை மாறினும், பெயர் மாறினும், நாடே மாறினும், உடைக்கப்படும் நாள்வரை அவ்வெண் மாறாது. இது அருமையான ஏற்பாடு. வல்வெட்டித்துறையிற் கட்டிய *அன்னபூரணி* என்னும் பாய்க்கலம் அமெரிக்கர் ஒருவர் கையிற் சேர்ந்து, *புளோரன்சு சி. ராபின்சன்* எனப் பெயர் மாறி, 1938இல் மசாசூசெட்சு மாநிலத்துக் கிளாசுடர்த் துறையை அடைந்தது. அப்பெயர் மாற்றத்தை ஊரார் நினைவால் இன்றும் தொடர்ந்து சொல்கிறோம். நினைவாருமில்லாத ஓர் எளிய பெனிஷுக்கு அத்தொடர்ச்சியைக் காப்பது இவ்வெண். வாங்குவோன் பெயர்ப்பலகையை நம்பாது, எண்ணையே ஏட்டோடு ஒப்பிடுக.

*கடவர்* என்றது விதி, விருப்பம் அன்று. எல்லைக்குக் கீழ்ப்பட்ட சிறுகலம் யாதொரு பதிவுமின்றித் திரியலாமோ எனின், அற்றன்று. 4.5 கிலோவாட் ஆற்றலை எட்டும் எந்திரம் பூட்டிய சிறு உல்லாசப் படகுக்கும் எண்ணும் இயக்க அட்டையும் வேண்டும். ஆயினும் அது படகை இனங்காணுதற்கான பதிவு. இரண்டாம் நூற்பா கூறும் வலிமை அதற்கு இல்லை என்று வேறுபாடு அறிக.

இனி அவ்விரண்டாம் நூற்பா. அதன் கருத்து:

பதியப்பட்ட கலத்தின்மேல் உடைமையையோ உடைமை சார்ந்த உரிமையையோ மாற்றுவதும் படைப்பதும் அறிவிப்பதும் ஆகிய எப்பத்திரமும் எத்தீர்ப்பும், கொள்வோன் அல்லது கடனளித்தோன் வேண்டுகோளின்படி, பதிவிடத்து வணிக நீதிமன்றப் பதிவகத்து ஏட்டில் எழுதப்பட்டு வெளிப்படும். அவ்வெழுத்து நிகழ்ந்த நாள் தொட்டே அது மூன்றாமவர்க்கு எதிராகச் செல்லும்.

இதனை உணர்தற்கு முன்னர் இது எதனை மறுத்து எழுந்தது என்று உணர வேண்டும். பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுதி 1804இல் வந்தது. அதன் 531ஆம் நூற்பா கலங்களை அசையும் பொருள் வகையில் வைத்தது; ஆற்றில் மிதக்கும் ஆலையும் குளியற்கூடமும் கூட அவ்வகையே. அசையும் பொருளுக்கு அத்தொகுதி கூறும் பெருவிதி இப்போது 2276ஆம் எண்ணில் நிற்பது: கையில் உடையவனே உரியவன் என்பது அதன் சாரம். நாற்காலிக்கும் நகைக்கும் நெற்குவியலுக்கும் இவ்விதி பொருந்தும். அவற்றை வாங்குவோன் நல்லெண்ணத்தோடு வாங்கிக் கையிற் கொண்டால் அவனை அசைத்தல் அரிது. கலமோ அசையும் பொருள் என்று பெயர் பெற்றும், விலையால் வீட்டை ஒப்பது; ஈடு வைக்கப்படுவது; தலைமுறை கடந்து நிற்பது. ஆகவே நூலாசிரியர் பதியப்பட்ட கலத்தை அப்பெருவிதியினின்று எடுத்து நிலத்தின் முறையிலே வைத்தார். யாழ்ப்பாணத்தார் காணிக்கு உறுதியும், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பும் அறிவர். ஆற்றிலே மிதப்பதற்கு ஒரு தோம்பு என்று இதனைக் கொள்ளலாம்.

*மாற்றுவதும் படைப்பதும் அறிவிப்பதும்* என மூன்றாகப் பகுத்தது, எச்செயலும் புறத்தே நில்லாமைப் பொருட்டு. விற்றலும் கொடையும் உடைமையை மாற்றுவன. ஈடும் அனுபவ உரிமையும் புதிதாகப் படைக்கப்படுவன. உடன்பிறந்தார் பாகம் பிரித்தலும், இன்னாருடையது என்று நீதிமன்றம் தீர்த்தலும், முன்பே உள்ளதனை அறிவிப்பன. தந்தை இறந்த பின் கலம் தாய்க்கும் மக்களுக்கும் வந்தது என்பார் பலர் ஏட்டை மறப்பர். விற்கும் நாளில் ஏட்டிலே தந்தை பெயரே நிற்க, கொள்வோன் திரும்பிப் போவான். அறிவிக்கும் பத்திரமும் எழுதப்பட வேண்டும் என்று நூற்பா சொன்னது அதனால்.

*எப்பத்திரமும் எத்தீர்ப்பும்* என்றமையால் வாய்ச்சொல் விலக்குண்டது. ஏட்டில் எழுதுதற்கு எழுத்து வேண்டும்.

*கொள்வோன் அல்லது கடனளித்தோன் வேண்டுகோளின்படி* என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. விற்போன் ஈண்டுக் கூறப்படவில்லை. விற்போன் பணம் பெற்றான். ஏட்டில் எழுத்து விழுவதால் அவனுக்கு மேலும் வருவது ஒன்றுமில்லை. கடன்பட்டோனும் அவ்வாறே. எழுதாவிடில் இழப்பவன் எவனோ அவன்மேல் நூற்பா முயற்சியை வைத்தது. "விற்றவர் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று வீடு திரும்புவான், சட்டம் தன்மேல் வைத்த வேலையைப் பிறன்மேல் வைத்தவன் ஆவான்.

*பதிவிடத்து* என்றது, கலம் கட்டியிருக்கும் இடத்தையும் அன்று, உரிமையாளன் வீட்டையும் அன்று, கலம் பதியப்பட்ட இடத்தை. வில்லெத்தில் நிற்கும் கலம் லீலிலோ லியோனிலோ இசுத்ராசுபூரிலோ பதியப்பட்டதாக இருக்கலாம். அதன் கடன் வரலாறு அங்குள்ள நீதிமன்றத்து ஏட்டிற் கிடக்கும். பாரிசு ஏட்டைப் பார்த்து "இதன்மேல் ஒன்றுமில்லை" என்று மகிழ்வது தவறு. பாரிசிற் பதிந்ததாயின், சிதே தீவில், சென் ஆற்றை நோக்கிய கே த லா கோர்சு 1ஆம் இலக்கத்து நீதிமன்றம். 2025 ஜனவரி 1 முதல் அது பொருளியல் நடவடிக்கை நீதிமன்றம் என்னும் பெயரில், 2028 இறுதிவரை நீளும் சோதனை முறையில் இயங்குகிறது. பழைய பெயரால் எழுதிய நூற்பாவைக் கற்போன் பெயர் கண்டு மயங்கற்க.

*வெளிப்படும்* என்னும் சொல்லில் இந்நூற்பாவின் உயிர் இருக்கிறது. ஏடு பூட்டி வைக்கப்படுவதன்று, கேட்பார்க்குக் காட்டப்படுவது. கலத்தின்மேல் எழுதப்பட்ட ஈடுகளைக் காட்டும் பட்டியை, அல்லது ஒன்றும் இல்லை என்னும் சான்றைப் பதிவகத்தில் யாரும் கேட்டுப் பெறலாம். கொள்வோன் பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டுவனவற்றுள் தலையாயது இது. ஏன் எனின், ஈடு கலத்தோடு ஓடும். கலம் எவர் கைக்குச் சென்றாலும் ஈடு பெற்றவன் அதனைத் தொடரலாம். ஈடுகள் பலவாயின் எழுதப்பட்ட முறைப்படி முந்தியது முந்தும். முழு விலை கொடுத்துக் கொண்டவன், முன்னவன் கடனுக்காகத் தன் கலம் ஏலம் போவதைக் கரையில் நின்று காண நேரும்.

இவ்வெளிப்படையின் பெருமையை வந்தேறியவர் நன்கு உணர்தல் வேண்டும். சென், உவாசு என்னும் ஆறுகள் கூடும் கொன்பிலான்-சென்-ஒனொரீன் கலத்தொழிலார் பேரூர். அத்தகைய ஊரில் தலைமுறையாக வாழ்வார் யார் கலத்தின்மேல் யார் கடன் என்பதைத் தம் உறவாலேயே அறிவர். யாழ்ப்பாணத்திலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வந்து லா சப்பலிற் கடை வைத்தவனுக்கு அவ்வுறவு இல்லை. பிரெஞ்சு மொழியின் நுணுக்கமும் முற்றும் கைவரவில்லை. அவனையும் அவ்வூர்ப் பழங்குடியையும் ஒரே ஏட்டின் முன் ஒரே நிலையில் நிறுத்துவது இச்சொல். உறவினால் அறியப்படுவதனை எழுத்தினால் அறியச் செய்தமையே இந்நூற்பாவை நாம் போற்றற்குக் காரணம்.

*தொட்டே* என்புழி ஏகாரம் பிரிநிலை. பத்திரம் எழுதிய நாள், பணம் கைமாறிய நாள், திறவுகோல் பெற்ற நாள் ஆகிய எல்லா நாளையும் பிரித்து, ஏட்டில் எழுத்து விழுந்த நாள் ஒன்றையே தெரிந்துகொண்டது.

*மூன்றாமவர்க்கு எதிராக* என்றமையால், இருவர்க்குள் அவ்வாறன்று என்பது பெறப்பட்டது. குடிமைத் தொகுதியின் 1583ஆம் நூற்பாவின்படி, பொருளும் விலையும் இன்னவென்று இருவரும் உடன்பட்டபோதே விற்பனை முற்றும். பொருள் கைமாறாவிடினும், விலை கொடுபடாவிடினும், விற்றோனுக்கும் கொண்டோனுக்கும் இடையே உடைமை மாறிற்று. எனவே கொண்டோன் விற்றோனைப் பார்த்து "இது என்னுடையது" என்று அன்றே சொல்லலாம். உலகத்தைப் பார்த்துச் சொல்ல ஏடு வேண்டும்.

எடுத்துக்காட்டு ஒன்று. திங்கட்கிழமை ஒருவன் கலம் கொண்டு முழுப் பணம் கொடுத்தான். பதிவகத்துக்கு அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தான். புதன்கிழமை விற்றோனுக்குக் கடன் கொடுத்தான் ஒருவன், விற்பனையை அறியாதவனாய், முன்னமே எழுதி வாங்கியிருந்த ஈட்டை ஏட்டில் எழுதுவித்தான். அப்புதனன்று ஏட்டின்படி கலம் விற்றோனுடையதே. ஆகவே ஈடு நின்றது. திங்கட்கிழமைப் பணம் விற்றோனைக் கேட்டுப் பெறத்தக்க கடனாயிற்றேயன்றி, கலத்தைக் காக்கும் வேலி ஆகவில்லை. வழக்கறிஞர் இதனை வேறு வேறு வகையில் வாதிடலாம். கொண்டோன் வழக்குக்குப் போக நேர்ந்ததே அவன் இழப்பின் தொடக்கம்.

இச்சொல் நம்மவர் வழக்கத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. சீட்டுப் பணமும் மாமன் மச்சான் கொடுத்த பணமும் சேர்த்து ஒரு தொழிலைத் தொடங்கி, ஒருவர் பெயரிற் பதிதல் இங்குப் பெருவழக்கு. அதன்கண் உள்ள நம்பிக்கை உயர்ந்தது. பொருள் இல்லாதாரைக் கடைக்காரராகவும் வீட்டுக்காரராகவும் ஆக்கியது அதுவே. ஆயினும் மூன்றாமவர்க்கு அந்நம்பிக்கை தெரியாது. நால்வர் பணத்தில் வாங்கிய கலம் ஏட்டில் ஒருவன் பெயரில் நின்றால், அவ்வொருவன் கடன்காரனுக்கு அது முழுதும் அவ்வொருவன் கலமே. அவன் மணவிலக்குப் பெறினும், நொடித்துப் போயினும், மறைந்து போயினும், ஏனைய மூவரும் ஏட்டில் இல்லாதவர். குடியுரிமைக்கு அஞ்சி உறவினர் பெயரிற் பதிதலின் கேடு என்று முன்னர்ச் சொன்னதும் இதுவே. நால்வர் உடையராயின் நால்வர் பெயரும், அவரவர் பங்கும் ஏட்டில் எழுதப்படுக. அதனால் உறவு குறைபடாது.

அற்றேல், இத்துணையும் கூறிய நூற்பாக்கள் செலவு கூறாமை என்னை எனின், செலவு ஆண்டுதோறும் மாறுவது, நூற்பா நிற்பது ஆகலின் அதனை ஆணைகளுக்கும் வரி நூலுக்கும் விட்டனர் என்க. கற்போன் பொருட்டுச் சில கூறுவாம். அளவைச் சான்றுக்கும், பெருங்கலமாயின் கரையேற்றி அடித்தகட்டின் தடிப்பை அளப்பிக்கும் வல்லுநர்க்கும் கொடுக்கும் கூலி முதற் செலவு. உருக்குத் தகடு மெலிந்தது கண்டால் அதனை மாற்றும் செலவு கலத்தின் விலையையே விஞ்சுதல் உண்டு. ஆதலின் இவ்வளவை வாங்குமுன் செய்விப்பது அறிவு. நீதிமன்றப் பதிவகத்துக்குரிய கட்டணம் அடுத்தது. காக்கும் பொருளை நோக்கின் அது சிறிது. புதுக்கலமாயின் விலையோடு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேரும்.

கடலில் இயங்கும் உல்லாசக் கலத்துக்கு முறையே வேறு. 1793 முதல் வழங்கிய பிரெஞ்சுமயமாக்கல் என்னும் சுங்கத்துறைப் பதிவு 2022 ஜனவரியில் கடல்துறை நிருவாகத்தின் ஒரே பதிவுள் அடங்கிற்று. அங்கே உடற்பகுதி 7 மீற்றர் எட்டிய கலத்துக்கும், எந்திரம் வரிக் கணக்கின்படி 22 குதிரை ஆற்றல் எட்டிய கலத்துக்கும் ஆண்டு வரி உண்டு. உடற்பகுதி பற்றிய வரி அவ்வாண்டில் 7 மீற்றர் முதல் 8 மீற்றருக்குட்பட்டதற்கு 77 யூரோவாகவும், 15 மீற்றரும் அதற்கு மேலும் உடையதற்கு 886 யூரோவாகவும் இருந்தது. ஆற்றுக் கலம் கொள்வான் இவ்வரியைத் தனக்குரியது என்று அஞ்ச வேண்டா.

அவன் அஞ்ச வேண்டியது வேறொன்று. கலத்தை உடைமையாகத் தந்த சட்டம், அது மிதக்கும் நீரைத் தரவில்லை. நீரும் கரையும் பொதுவுடைமை. பொது நிறுவனங்களின் உடைமைச் சட்டத்தொகுதியின் 2122-1 முதல் மூன்று நூற்பாக்கள், அனுமதியின்றி எவரும் பொதுவிடத்தைக் கொள்ளலாகாது, கொள்வது காலவரையுடையது, அது நிலையற்றதும் திரும்பப் பெறத்தக்கதும் ஆகும் என்று அடுக்கிக் கூறும். சென் ஆற்றிற் பெரும்பாலும் பிரான்சு நீர்வழி நிறுவனமும் துறைமுக நிறுவனமும், 1876 முதல் பாரிசு நகருக்குச் சொந்தமான சென் மார்த்தன், சென் தெனி, ஊர்க் என்னும் கால்வாய்களில் நகராட்சியும் அவ்வனுமதியைத் தரும். அனுமதி ஆளுக்கு உரியது. கலத்துக்கு உரியது அன்று. விற்போன் "இடத்தோடு தருகிறேன்" என்று கூறி விலை ஏற்றுவானாயின், அவன் தன்னிடம் இல்லாததனை விற்கிறான். கொள்வோன் இடம் தரும் நிறுவனத்தின் எழுத்தைத் தன் பெயரிற் பெறும்வரை கலத்தின் விலையை மட்டுமே எண்ணுக.

இறுதியாக ஒரு வரி. பொது வரித் தொகுதியின் 1381ஆம் நூற்பா நிலவரிக்கு உட்படுவனவற்றை எண்ணுமிடத்து, ஓரிடத்தே நிலைத்துக் குடியிருப்பாகவோ வாணிகமாகவோ தொழிலாகவோ அமைக்கப்பட்ட கலங்களையும், அவை கயிற்றால் மட்டுமே கட்டப்பட்டிருப்பினும், சேர்த்து எண்ணியது. *மட்டுமே* என்றது, தூணும் அடித்தளமும் இல்லாமை காட்டிற்று. *இருப்பினும்* என்ற உம்மை, அவ்வின்மையை விலக்குக்குக் காரணமாகக் கொள்ளற்க என்று தடுத்தது. *ஓரிடத்தே நிலைத்து* என்றமையால், பயணம் செய்துகொண்டே இருக்கும் கலம் இதனுள் வாராது. குடிமைத் தொகுதி அசையும் பொருள் என்றதனை வரித் தொகுதி நிலமாகக் கொண்டது முரண் ஆகாதோ எனின், ஆகாது. அங்குக் கூறியது பொருளின் இயல்பு. இங்குக் கூறியது அதன் பயன். இவ்வரி ஜனவரி 1 அன்று உடையவன்மேல் அவ்வாண்டு முழுமைக்கும் விழும். டிசம்பர் இறுதியிற் கொண்டவன் மறு ஆண்டு வரி முழுதும் இறுக்கக் கடவன். ஜனவரி 2 அன்று கொண்டவனை அவ்வாண்டுக்கு அரசு கேளாது. விற்றோன் அதிற் பங்கு கேட்பானாயின், அப்பங்கு விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்படல் வேண்டும்.